அழைப்பு மையத்தில் தியானம்: பணிநாளுக்குள் பழகுவதற்கான முழுமையான வழிகாட்டி

நாள் முழுவதும் ஹெட்செட் அணிந்து, முன்பின் தெரியாதவர்களின் குறைகளைக் கேட்டு விடை சொல்லும் பணியில் இருப்பவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். அப்படியொரு மையத்தில் முதலில் அழைப்பு ஏற்பவராகவும் பின்னர் குழுத் தலைவராகவும் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். பணி தொடங்கும் முன் பத்து நிமிடம் அமரும் வழக்கத்தை நானும் பழகி, புதிதாக வந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவர்களில் பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கினார்கள்: அமைதியான நேரத்தில் பழகாமல், எதிர்முனையில் ஒருவர் கத்திக்கொண்டிருக்கும்போது முதன்முதலாக மூச்சைக் கவனிக்க முயன்றார்கள். யுத்த காலத்தில் சஸ்திராப்பியாசம் செய்வது எப்படிப் பலிக்காதோ, அப்படியே அதுவும் பலிப்பதில்லை. ஆகவே கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். பிற அலுவலகங்களில் இருப்பவர்கள் அழைப்பு என்னும் இடத்தில் மின்னஞ்சலையோ கூட்டத்தையோ வைத்துக்கொண்டு இதைப் பின்பற்றலாம்.

1. என்ன பயனைக் கேட்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தப் பயிற்சியால் நான் கண்ட பயன்கள் மூன்று. ஓர் அழைப்பில் பட்ட எரிச்சல் அடுத்த அழைப்பின் குரலில் ஏறிவிடுவது குறைகிறது. வாடிக்கையாளர் சொல்லி முடிக்கும் முன்பே பதிலைத் தொடங்கும் அவசரம் தணிகிறது. அதனால் அவர் சொன்னதையே மறுபடியும் கேட்டு அவருடைய கோபத்தைக் கிளற வேண்டியிருப்பதில்லை. வீட்டுக்குப் போன பிறகும் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சு சற்று விரைவில் அடங்குகிறது. இவற்றுக்கு மேல் எதையும் நான் யாருக்கும் வாக்களித்ததில்லை.

ஆய்வுகள் சொல்வதும் ஏறத்தாழ இந்த அளவில்தான் நிற்கிறது. 47 சோதனைகளில் பங்கேற்ற 3,515 பேரின் விவரங்களைத் தொகுத்து, 2014-இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்த ஆய்வு, தியானப் பயிற்சி பதற்றத்தையும் மனச்சோர்வையும் வலியையும் குறைக்கிறது என்பதற்கு மிதமான சான்று இருப்பதாகக் கூறியது. உடற்பயிற்சி போன்ற மற்ற முறைகளைவிட அது மேலானது என்பதற்கு அந்த ஆய்வில் சான்று கிடைக்கவில்லை. பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 பணியாளர்களிடம் பெற்ற பதில்களை வைத்து 2024-இல் வெளியான மற்றோர் ஆய்வில், மனநலச் செயலிகள், மன உறுதிப் பயிற்சி போன்ற தனிமனித ஏற்பாடுகளில் பங்கேற்றவர்கள், பங்கேற்காதவர்களைவிட நலமாக இருந்ததாகத் தெரியவில்லை.

இதை முதல் படியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. ஆள் பற்றாக்குறையாலும் ஓயாத ஷிஃப்ட் மாற்றத்தாலும் வரும் களைப்பைத் தியானத்தால் தீர்த்துவிடலாம் என்று தொடங்குபவர், அது தீராதபோது தன் பயிற்சியில்தான் குறை என்று எண்ணித் தன்னையே நொந்துகொள்கிறார். அந்தக் களைப்புக்கு நிர்வாகத்திடம் பேசித்தான் வழி தேட வேண்டும். தியானத்தின் வேலை எது, மேலாளரின் வேலை எது என்று பிரித்துக்கொண்டால் இரண்டையும் தெளிவாகக் கேட்க முடியும்.

2. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

இடம்: அழைப்புகள் நடக்கும் தளத்திலேயே அமர வேண்டாம். பக்கத்து இருக்கையின் உரையாடல் காதில் விழும்போது, பழக்கத்தின் காரணமாக மனம் அதற்கு விடை தேடத் தொடங்கிவிடும். பயிற்சி அறையோ கூட்ட அறையோ காலியாக இருக்கும் நேரத்தைக் கேட்டுப் பெறுங்கள். முழு அமைதி தேவையில்லை. ஏசியின் இரைச்சல் இருக்கலாம், புரியும்படியான பேச்சு மட்டும் கேட்காமல் இருந்தால் போதும்.

கடிகாரம்: பல மையங்களில் வாடிக்கையாளர் தரவுகளின் பாதுகாப்புக்காகக் கைபேசியை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். ஆகவே செயலிகளை நம்பித் திட்டமிட வேண்டாம். அலாரம் உள்ள எளிய கைக்கடிகாரம் போதும். அலாரம் இல்லாமல் அமர்பவர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணைத் திறந்து நேரம் பார்ப்பார், லாகின் நேரம் தவறிவிடுமோ என்ற கவலையிலேயே பத்து நிமிடமும் போய்விடும்.

வயிறு: சாப்பிட்ட உடனே அமர்ந்தால் தூக்கம் வரும், கடும்பசியில் அமர்ந்தால் மனம் உணவிலேயே இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரோ, பாதி டம்ளர் தேநீரோ குடித்துவிட்டு அமர்வது பெரும்பாலானவர்களுக்குச் சரிவருகிறது. கழிப்பறைக்கும் முன்பே போய்வந்துவிடுங்கள்.

இவற்றோடு ஒரு மெல்லிய சால்வையும், லாக்கரில் வைக்கக்கூடிய சிறு குறிப்பேடும் வேண்டும். அசையாமல் அமர்ந்திருக்கும்போது அறைக்குளிர் வழக்கத்தைவிட அதிகமாகத் தெரியும் என்பதால் சால்வை தேவைப்படுகிறது. குறிப்பேட்டின் தேவை 9-ஆம் படியில் வரும்.

3. நாளில் எந்த நேரம் என்பதை நிலையாக வையுங்கள்

பணி தொடங்கும் முன் பத்து நிமிடம் என்பதே என் பரிந்துரை. முதல் அழைப்பை ஏற்றபின் எந்த நேரமும் உங்கள் கையில் இருக்காது. இடைவேளையைக்கூட வரிசையில் காத்திருக்கும் அழைப்புகளின் எண்ணிக்கை தள்ளிப்போட்டுவிடும். தேநீர் இடைவேளையைத் தியானத்துக்குக் கொடுக்க வேண்டாம். தேநீரும் நண்பர்களோடு நான்கு வார்த்தை பேசுவதும் களைப்பாற்றும் வழிகளே. அவற்றை இழந்து பெறும் அமைதி நெடுநாள் நிற்பதில்லை.

அலுவலக வண்டியில் வருபவர்கள், வண்டியிலேயே கண்ணை மூடிச் செய்துவிட்டோம் என்பார்கள். வண்டியின் ஆட்டத்தில் அரைத்தூக்கம்தான் வரும். அது நல்ல ஓய்வு, ஆனால் பயிற்சியாகக் கணக்கில் கொள்ள வேண்டாம். வண்டி தாமதமாகி ஐந்து நிமிடமே மிஞ்சினால் ஐந்து நிமிடம் அமருங்கள். நேரம் குறைந்தாலும் நாள் விடுபடாமல் இருப்பது முக்கியம், ஏனெனில் முதல் சில வாரங்களில் உருவாக வேண்டியது பழக்கமே.

இரவு ஷிஃப்டில் இருப்பவர்களுக்கும் ஷிஃப்ட் தொடங்கும் முன் அமர்வதே பொருந்தும். நள்ளிரவு தாண்டி மூன்று மணிக்கு அமர்ந்தால், விழித்திருக்க முயலும் உடலோடு போராட நேரும். அந்த நேரத்தில் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், தாழ்வாரத்தில் மெல்ல நடந்தபடி பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள்.

4. உடலை அமர்த்துங்கள்

நாற்காலியிலேயே அமரலாம். பின்னால் சாயும் நாற்காலியாக இருந்தால் அதன் சாய்வைப் பூட்டிவிட்டு, இரு பாதங்களும் தரையில் முழுதாகப் பதியும்படி உயரத்தைக் குறையுங்கள். பாதம் தொங்கினால் தொடையின் அடிப்பகுதி அழுந்தி, ஐந்தாவது நிமிடத்தில் கால் மரத்துப்போகும். இடுப்பு இருக்கையின் பின்பக்கம் வரை போகட்டும், முதுகு சாயாமல் நிமிரட்டும், கைகள் தொடைமேல் இருக்கட்டும்.

ஹெட்செட் அணிபவர்களுக்குத் தாடையும் ஒரு பக்கத்துக் கழுத்தும் இறுகியிருப்பது வழக்கம். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாதபடி தாடையைத் தளர்த்துங்கள். தோள்களை ஒருமுறை காது வரை உயர்த்திக் கீழே விடுங்கள். இந்த இரண்டையும் செய்யாமல் அமர்ந்தால், மூச்சைக் கவனிக்கத் தொடங்கியதும் கழுத்து வலிதான் முதலில் கவனத்துக்கு வரும்.

கண்ணை மூடியே ஆக வேண்டும் என்பதில்லை. பிறர் இருக்கும் அறையில் கண்ணை மூடுவது பலருக்கு, குறிப்பாகப் பெண்கள் சிலருக்கு, நெருடலாக இருக்கும். அவர்கள் சுவரைப் பார்த்து அமர்ந்து, நான்கடி முன்னால் தரையில் பார்வையைத் தாழ்த்தி வைத்துக்கொள்ளலாம். பயனில் எந்தக் குறைவும் இல்லை.

5. வெளிமூச்சை எண்ணுங்கள்

பயிற்சியின் நடுமையம் இதுதான். மூக்கின் வழியே மூச்சு இயல்பாக உள்ளே போகட்டும். வெளியே வரும்போது மனத்துக்குள் 'ஒன்று' என்று எண்ணுங்கள், அடுத்த வெளிமூச்சுக்கு 'இரண்டு'. பத்து வந்ததும் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம்.

வெளிமூச்சை எண்ணச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும், வெளிவிடும்போது வேகஸ் நரம்பின் வழியாகச் சற்றுத் தணிவதும் உடலின் இயல்பு. தணியும் பக்கத்தில் கவனத்தை வைத்தால், நாம் முயலாமலேயே வெளிமூச்சு கொஞ்சம் நீளத் தொடங்குகிறது. ஓயாமல் பேசும் தொழிலில் இருப்பவர்கள், வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவே வாயால் அவசரமாக உறிஞ்சி மேல்மார்பில் மட்டும் மூச்சை நிறுத்தியே பழகியிருப்பார்கள். அந்தப் பழக்கத்துக்கும் இது நல்ல மாற்று.

பத்தோடு நிறுத்துவதற்கும் காரணம் உண்டு. நூறு வரை எண்ணினால் எண்கள் தாமாக ஓடும், மனம் வேறெங்கோ போயிருக்கும். பத்துக்குப் பிறகு ஒன்றுக்குத் திரும்ப வேண்டியிருப்பதால், பதினான்கு, பதினைந்து என்று நாம் போய்க்கொண்டிருப்பதைக் கொண்டே மனம் நழுவியதைக் கண்டுபிடித்துவிடலாம்.

இங்கே நேரும் பெரிய பிழை, மூச்சை வலிந்து ஆழமாக இழுப்பது. ஓய்வில் இருக்கும் வளர்ந்தவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். உடலின் தேவைக்கு அதுவே போதும். அதே வேகத்தில் ஒவ்வொரு மூச்சையும் பெரிதாக இழுத்துவிட்டால் இரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு குறைந்து, தலை கிறுகிறுத்து விரல் நுனிகள் குறுகுறுக்கும். அதை ஏதோ உயர்ந்த அனுபவம் என்று மகிழ்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், பயந்துபோய் மறுநாள் வராமலே இருந்துவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். கிறுகிறுப்பு வந்தால் எண்ணுவதை நிறுத்தி, கண்ணைத் திறந்து, ஒரு நிமிடம் வழக்கம்போல் மூச்சுவிட்டால் சரியாகிவிடும்.

6. மனம் போனதைக் கண்டதும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்

மனம் போகும். நேற்றைய அழைப்புக்கும், மாதக் கடைசியின் வாடகைக்கும், பிள்ளையின் பள்ளிக்கும் போகும். போனதை உணரும் கணத்தில், விட்ட எண்ணைத் தேடிக்கொண்டிருக்காமல் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். ஏழா, எட்டா என்று தேடினால் அந்தத் தேடலே புதிய சிந்தனையாகிவிடும்.

'எனக்கு மூன்றுக்கு மேல் போகவே இல்லை, எனக்கு இது வராது' என்று முதல் வாரத்தில் சொல்லாதவரை நான் சந்தித்ததில்லை. பத்து நிமிடத்தில் முப்பது முறை மனம் போய் முப்பது முறையும் திரும்பியிருந்தால், திரும்பும் செயலை முப்பது முறை பழகியிருக்கிறோம் என்று பொருள். பணிநேரத்தில் நமக்குத் தேவைப்படப்போவது அந்தத் திரும்புதல்தான். எரிச்சலில் போன மனத்தை, எதிர்முனையில் இருப்பவர் சொல்லும் கணக்கு எண்ணுக்குத் திருப்ப வேண்டியிருக்கும். பத்து வரை தடையின்றி எண்ணிவிடுவது அதற்கு உதவுவதைவிட, போன மனத்தைச் சலிப்பின்றி அழைத்துவரும் பழக்கம் உதவுகிறது.

அலாரம் அடித்ததும் துள்ளி எழ வேண்டாம். பாதங்கள் தரையில் இருப்பதை உணர்ந்து, அறையை ஒருமுறை பார்த்துவிட்டு எழுங்கள். இந்த அரை நிமிடத்தை விட்டுவிட்டால், இருக்கைக்குப் போகும் வழியிலேயே பழைய பரபரப்பு வந்துவிடுகிறது.

7. மூன்றாம் வாரத்தில் அழைப்புகளுக்கு நடுவே மூன்று மூச்சு

இரண்டு வாரம் மேலே உள்ளதை மட்டும் செய்த பிறகே இதைத் தொடங்குங்கள். ஓர் அழைப்பு முடிந்ததும் அதன் விவரங்களைப் பதிவு செய்யச் சிறிது நேரம் தரப்படும். வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பதிவை முழுதாக முடியுங்கள், பின்னர் மூன்று வெளிமூச்சை எண்ணுங்கள், அதன் பிறகு அடுத்த அழைப்புக்குத் தயார் என்னும் பொத்தானை அழுத்துங்கள். மூன்று மூச்சுக்கு ஏறத்தாழ 15 விநாடி ஆகும்.

மூச்சை முதலில் வைத்துப் பதிவைப் பின்னால் வைத்தவர்கள் புகார் எண்ணையோ தொகையையோ மறந்து தவறாகப் பதிந்தார்கள். அது மட்டுமன்றி, பதிவு முடியாமல் இருக்கும்போது மனம் அந்த அழைப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குப் போனால் கவனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதை சோஃபி லெராய் என்னும் ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார். பதிவை முடிப்பது அந்தத் தங்கலைக் குறைக்கிறது, மூச்சு மீதியைக் குறைக்கிறது.

சில மையங்களில் அழைப்பு தானாகவே வந்து இணையும், பொத்தான் இருக்காது. அங்கே அழைப்பு வருவதைக் காட்டும் ஒலி கேட்டதும் ஒரே ஒரு வெளிமூச்சை முழுதாக விட்டுவிட்டு வணக்கம் சொல்லுங்கள். அந்த ஒரு மூச்சின் வேறுபாடு வணக்கம் சொல்லும் குரலிலேயே தெரியும். பேச்சு நடக்கும்போது மூச்சை எண்ண முயல வேண்டாம், வாடிக்கையாளர் சொல்வது தவறிவிடும். கவனம் சிதறினால் பாதங்கள் தரையில் படுவதை உணர்ந்தால் போதும்.

8. வசை கேட்ட அழைப்புக்குப் பிறகு வேறு வரிசை

வசைச்சொல்லோ மிரட்டலோ கேட்ட அழைப்புக்குப் பின் மூன்று மூச்சு போதாது. கண்ணை மூடி அமர்வதும் கூடாது; படபடப்பில் இருக்கும் உடலோடு கண்ணை மூடினால் கேட்ட சொற்களே திரும்பத் திரும்ப ஒலிக்கும்.

ஹெட்செட்டைக் கழற்றுங்கள். எழுந்து நின்று, நடந்ததைக் குழுத் தலைவரிடம் சொல்லுங்கள். தண்ணீர் குடித்துவிட்டு, தாழ்வாரத்தின் கடைசி வரை நடந்து திரும்புங்கள். படபடப்பு குறைந்த பிறகே இருக்கையில் அமர்ந்து மூச்சை எண்ணுங்கள். குழுத் தலைவரிடம் சொல்வதை முன்னால் வைத்திருப்பதை, தயவுசெய்து யாரும் கடைசிக்குத் தள்ள வேண்டாம். எச்சரித்த பின் அழைப்பைத் துண்டிக்கும் விதி உங்கள் மையத்தில் இருந்தால், அதைப் பயன்படுத்துங்கள். வசையைப் பொறுத்துக்கொள்ளும் வலிமைக்காகத் தியானம் செய்யச் சொல்லும் மேலாளரின் பேச்சை நான் எந்நாளும் ஏற்றதில்லை.

9. வெளியேறும் முன் மூன்று நிமிடம், குறிப்பேட்டில் இரண்டு வரி

லாக் அவுட் செய்தபின் மூன்று நிமிடம் அமர்ந்து, நெற்றி, தாடை, காதுகளைச் சுற்றியுள்ள பகுதி, தோள், விரல்கள் என்று வரிசையாகக் கவனித்துத் தளர்த்துங்கள். வீட்டுக்குள் எதைச் சுமந்து செல்கிறோம் என்பது பெரும்பாலும் இந்த இடங்களில்தான் தெரியும்.

பல மையங்களில் இருக்கையில் தாளும் பேனாவும் வைக்க அனுமதி இல்லை, அழித்தெழுதும் சிறு வெள்ளைப் பலகைதான் தரப்படும். அதனால்தான் குறிப்பேட்டை லாக்கரில் வைக்கச் சொன்னேன். வாடிக்கையாளர் விவரம் எதையும் அதில் எழுதக் கூடாது. இன்று எத்தனை முறை குரல் உயர்ந்தது, வீட்டுக்குப் போனபின் எந்த அழைப்பு நினைவில் நின்றது என்று இரண்டு வரி போதும். பயிற்சி பலிக்கிறதா என்பதை அன்றைய மனநிலையை வைத்து மதிப்பிட்டால் தவறாகும், ஏனெனில் அழைப்புகளின் தன்மை நாளுக்கு நாள் மாறும். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் 1979-இல் தொடங்கப்பட்ட மனஅழுத்தக் குறைப்புப் பயிற்சி 8 வாரத் திட்டமாக உள்ளது. நீங்களும் எட்டு வாரக் குறிப்புகளைச் சேர்த்துப் படித்த பிறகு தொடர்வதா என்று முடிவு செய்யுங்கள்.

10. குழுவாகச் செய்ய விரும்பினால்

நிர்வாகத்திடம் கேட்கும்போது, ஆயுஷ் அமைச்சகம் பணியிடங்களுக்காக வகுத்து 2021-இல் செயலியாகவும் வெளியிட்ட ஒய்-பிரேக் என்னும் ஐந்து நிமிடப் பயிற்சியைச் சுட்டிக்காட்டலாம். அதில் எளிய ஆசனங்களோடு மூச்சுப் பயிற்சியும் தியானமும் இருக்கின்றன. அறை ஒன்றும், லாகின் நேரத்துக்கு முன் பத்து நிமிடமும் மட்டும் கேளுங்கள். சிறிய கோரிக்கைக்கு அனுமதி எளிதில் கிடைக்கும்.

வருகைப் பதிவு வைக்க வேண்டாம். வருபவர்களின் பட்டியல் மதிப்பீட்டுக்குப் போகிறது என்ற ஐயம் ஒருமுறை வந்துவிட்டால், பிறகு வருபவர்கள் மேலாளருக்காகவே வருவார்கள். ஊதுவத்தி, படம், மந்திரம் எதுவும் அறையில் இருக்கக் கூடாது. எங்கள் குழுவில் தொடக்கத்தில் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஓங்காரம் சொல்லித் தொடங்கினார். மறுநாள் இரண்டு பேர் வரவில்லை, காரணம் கேட்டபோது தயங்கித் தயங்கித்தான் சொன்னார்கள். மூச்சை எண்ணுவதற்கு எந்த மதமும் தடையாக இராது, அதைச் சுற்றி நாம் வைப்பவைதான் தடையாகும்.

11. யார் நிறுத்திவிட்டு உதவி நாட வேண்டும்

அமைதியாக அமர்ந்ததும் அச்சம் பெருகுவதும், பழைய துயரமான நிகழ்ச்சி கண்முன் வருவதும் சிலருக்கு நேர்கிறது. அவர்களைப் 'பழகப் பழகச் சரியாகும்' என்று தொடரச் சொல்லக் கூடாது. பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பார்க்கட்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் இலவச உதவி எண்ணான 14416-இல் தமிழிலும் பேசலாம். ஏற்கெனவே மனநலத்துக்காக மருந்து எடுப்பவர்கள், தம் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். தியானம் தொடங்கியதால் மருந்தைத் தாமாக நிறுத்தவே கூடாது.

12. விடுப்புக்குப் பின் திரும்பும்போது

பொங்கல் விடுமுறையோ உடல்நலக் குறைவோ முடிந்து திரும்புபவர்கள், விட்ட இடத்திலிருந்து தொடர முயன்று, பழைய அமைதி வராததைக் கண்டு கைவிட்டுவிடுகிறார்கள். ஒரு வாரத்துக்கு மேல் விடுபட்டிருந்தால், முதல் மூன்று நாள் காலை அமர்வை மட்டும் ஐந்து நிமிடமாகச் செய்யுங்கள். நான்காம் நாள் பத்து நிமிடத்துக்கும், அடுத்த திங்கட்கிழமை அழைப்புகளுக்கு நடுவிலான மூன்று மூச்சுக்கும் திரும்பலாம். ஷிஃப்ட் மாறிய வாரத்துக்கும் இதே முறையைப் பின்பற்றுங்கள், ஏனெனில் தூக்க நேரம் மாறிய உடலுக்கு அந்த மூன்று நாள் எப்படியும் தேவைப்படுகிறது.